குழந்தைக்கு ஆபரேஷன்: கனிவு என்பது குணமா, ஏற்பாடா?

குழந்தைகள் மருத்துவமனை விளம்பரங்களில் "கனிவான அறுவை சிகிச்சை" என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பக்கத்திலேயே கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கையில் கரடி பொம்மையுமாக ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆபரேஷன் நன்றாகச் செய்யத் தெரிந்தால் போதாதா? ஒருவர் கைராசிக்காரர், ஆனால் சிடுமூஞ்சி. இன்னொருவர் தங்கமான மனிதர், ஆனால் கை சுமார். இருவரில் யார் என்று கேட்டால் எந்தத் தாயும் முதல் ஆளிடம்தான் பிள்ளையைக் கொடுப்பாள்.

அந்தத் தேர்வில் தப்பே இல்லை. கனிவை டாக்டரின் முகத்தில் தேடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் குழந்தை அறுவை சிகிச்சைக்குள் கனிவு என்று வந்து சேர்ந்தவற்றைக் கணக்கெடுத்தால், பெரும்பாலானவை புன்னகையோடு சம்பந்தமில்லாதவை. ஒரு மருந்தின் அளவு, தண்ணீர் நிறுத்த வேண்டிய நேரம், வார்டுக் கதவு யாருக்குத் திறக்கும் என்ற விதி. இவை எதுவும் சும்மா வந்துவிடவில்லை. வாதாடி, சோதனை செய்து, சில சமயம் குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு வந்தவை.

முதலில் சில அடிப்படைகள்

இந்தியாவில் வழக்கமாக, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்தபின் மூன்று ஆண்டு எம்.சிஎச். படித்தவர் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஆகிறார். குடலிறக்கம், விதை கீழே இறங்காமை, ஆசனவாய் திறப்பு இல்லாமல் பிறப்பது, உணவுக்குழாய் பாதியில் மூடியிருப்பது எனப் பிறந்த நாள் தொட்டுப் பள்ளிப் பருவம்வரை உள்ள கோளாறுகள் இவரிடம் வரும். பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்பவரின் வேலையிலிருந்து இது மூன்று வகையில் வேறுபடுகிறது.

1. நோயாளிக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழுகை ஒன்றுதான் மொழி. பசிக்கும் அதே அழுகை, பயத்துக்கும் அதே அழுகை.

2. உடம்பு ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. கையெழுத்துப் போடுபவர் மேசையில் படுக்கப் போவதில்லை.

3. உடம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று போட்ட தையலின் பலன் இருபது வருடம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அதுவரை அந்தக் குடும்பம் டாக்டரோடு உறவில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு அடிப்படையையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. நாம் "மயக்க மருந்து" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலை. தூங்க வைப்பது ஒன்று, வலி மூளைக்கும் உடம்புக்கும் எட்டாமல் தடுப்பது இரண்டு, தசைகளைத் தளர்த்தி அசையாமல் வைப்பது மூன்று. மூன்றுக்கும் மருந்துகள் வேறு வேறு. மூன்றாவதை மட்டும் கொடுத்தால் நோயாளி கல் மாதிரி கிடப்பார். வலி தெரியாது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அடுத்த பகுதி முழுக்க இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

சிசுவுக்கு வலிக்காது என்று நம்பிய காலம்

இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் மருத்துவ உலகில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை முழுதாக வளரவில்லை, மூளைப் புறணி முதிரவில்லை, ஆகவே அது வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவில் வைக்காது என்பது வாதம். பெற்றெடுத்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் வேறு பதில் கிடைத்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

இதை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அன்று கையில் இருந்த மயக்க மருந்துகள் பச்சிளம் குழந்தையின் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை நிறுத்திவிடலாம். குறைமாதக் குழந்தை பிழைப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், மருந்தைக் குறைத்தால் உயிராவது தங்கும் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். லிவர்பூலைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஜாக்சன் ரீஸ் 1950 வாக்கில் பரப்பிய முறை அப்படிப்பட்டதுதான். நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொஞ்சம், தசை தளர்த்தும் குராரே கொஞ்சம். பல சிசுக்கள் இதனால் உயிர் பிழைத்தன என்பதும் உண்மை. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு வலியைத் தடுப்பதில் வலுக்குறைந்த மருந்து. நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனுக்கு அது போதவே போதாது.

1985-இல் வாஷிங்டனில் குறைமாதத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு இதயத்தின் அருகே உள்ள ரத்தக்குழாய் ஒன்றைக் கட்டும் ஆபரேஷன் நடந்தது. கருவில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய குழாய் அது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பல சமயம் மூடாது. ஐந்து வாரம் கழித்துக் குழந்தை இறந்துபோனது. ஆபரேஷன் நேரத்தில் பிள்ளைக்குத் தரப்பட்டது தசை தளர்த்தும் மருந்து மட்டுமே, வலிக்கு எதுவும் இல்லை என்பதைத் தாய் பின்னால்தான் தெரிந்துகொண்டார். விளக்கம் கேட்டபோது கிடைத்த பதில், அந்த வயதுக் குழந்தைக்கு வலி தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது. அவர் விடாமல் கடிதம் எழுதினார். 1986-இல் விஷயம் பத்திரிகைக்கு வந்தது. அதைப் படித்த வேறு பெற்றோர்களும் தங்கள் பிள்ளையின் கேஸ் ஷீட்டைத் தேடத் தொடங்கினார்கள்.

நிரூபணம் அப்போது அட்லாண்டிக்கின் மறுகரையில் தயாராகிக்கொண்டிருந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் டாக்டர், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வார்டுக்குத் திரும்பும் சிசுக்கள் போனதைவிட மோசமான நிலையில் வருவதைக் கவனித்தார். காரணம் தேடியவர், அதே ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். எட்டுப் பேருக்கு வழக்கமான மருந்து. மற்ற எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. பிறகு ரத்தத்தில் அட்ரினலின், சர்க்கரை போன்றவற்றை அளந்தார். வலிநிவாரணி பெறாத குழந்தைகளின் உடம்பில் அழுத்த ஹார்மோன்கள் எகிறியிருந்தன. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-இல் இது லான்செட் இதழில் வெளியானது.

அழுகையை நம்பாதவர்கள் ஹார்மோன் அளவை நம்பினார்கள். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், வயது ஒன்றையே காரணமாகச் சொல்லி மயக்க மருந்தையும் வலிநிவாரணியையும் மறுக்கக்கூடாது என்று அறிவித்தது.

1992-இல் ஆனந்தும் பால் ஹிக்கியும் பாஸ்டனில் நடத்திய இன்னொரு சோதனை வெளிவந்தது. இதய ஆபரேஷனுக்கு வந்த 45 பச்சிளம் குழந்தைகளில் 30 பேருக்கு வலுவான வலிநிவாரணி அதிக அளவில் தரப்பட்டது. 15 பேருக்கு லேசான பழைய முறை. 15 பேரில் 4 குழந்தைகள் இறந்தன. 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. சிறிய சோதனைதான், அதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "வலியைத் தடுத்தால் உயிருக்கு ஆபத்து" என்ற பழைய கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து மயக்க மருந்து நிபுணர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. 1988-இல் பிரிட்டனில் அவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், சிசுவுக்கு வலி தெரியும் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வலுவான வலிநிவாரணியை வழக்கமாக எழுதிக்கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மனதில் இரக்கம் இருந்தது, மருந்துச் சீட்டில் இல்லை.

வார்டு வாசலுக்கு வெளியே நின்ற தாய்கள்

வலிக்கு அடுத்தது பிரிவு. இன்று நம் ஊரில் யாரும் இரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக மருத்துவமனையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரமாட்டார்கள். பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதுதான் விதி. பல வார்டுகளில் வாரத்துக்கு ஒரு நாள், சில மணி நேரம் மட்டுமே பெற்றோருக்கு அனுமதி. கிருமி வரும் என்றார்கள். பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுது வார்டு கலவரமாகிறது என்றார்கள். அம்மாவைப் பார்க்காத பிள்ளை இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடுகிறது, அதுவே நலம் என்பது நர்ஸுகளின் அனுபவம்.

இந்த வழக்கத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் அறுவை சிகிச்சை நிபுணர்தான். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் நிகோல் 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்து ஆண்டுகளில் 8,988 குழந்தைகளுக்குப் புறநோயாளிப் பிரிவிலேயே ஆபரேஷன் செய்து, அன்றே தாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார். உதட்டுப் பிளவு, குடலிறக்கம், வளைந்த பாதம் எல்லாம் அதில் அடக்கம். தாயைவிட நல்ல நர்ஸ் கிடையாது, தாயிடமிருந்து பிரிப்பது பல சமயம் கேடு என்பது அவர் வாதம். தூரத்திலிருந்து வரும், பால் கொடுக்கும் தாய்கள் பிள்ளையோடு தங்க மருத்துவமனை அருகில் ஒரு வீடும் ஏற்பாடு செய்தார். இன்று "டே கேர் சர்ஜரி" என்று நவீனமாகப் பேசப்படுவதன் தொடக்கம் இது. சக டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் 1952-இல், லண்டன் டேவிஸ்டாக் மருத்துவ மையத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கும் இரண்டரை வயதுச் சிறுமிதான் அதில் எல்லாம். அவள் பெரிதாக அழவில்லை. பொறுமையாக இருந்தாள், மெல்ல மெல்ல உள்ளே ஒடுங்கினாள், அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராபர்ட்சன் இதை மூன்று கட்டமாக விளக்கினார்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் விலகல். நர்ஸுகள் "பழகிவிட்டது" என்று சொன்னது உண்மையில் மூன்றாம் கட்டம். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள், தங்கள் தொழிலை அவமதிப்பதாக.

ஆனாலும் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் ஹாரி பிளாட், எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். ஐந்து வயதில் முழங்காலில் காசநோய் வந்து, நோயாளிப் பிள்ளையாகவே பல ஆண்டுகளைக் கழித்தவர். 1959-இல் அவரது குழு தந்த அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு தாயும் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் கிடந்தது. 1961-இல் லண்டனில் தாய்மார்கள் கூடி ஓர் அமைப்பு தொடங்கி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்ட பிறகுதான் கதவுகள் திறக்கத் தொடங்கின.

பிரிவு பற்றிய அறிவு, ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதையும் மாற்றியிருக்கிறது. சிறுநீர்த்துளை ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் குறைபாட்டை முன்பெல்லாம் மூன்று வயதுக்கு மேல் சரிசெய்வார்கள். 1996-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 6 முதல் 12 மாதத்துக்குள் செய்வதே நல்லது என்றது. நுட்பமும் மயக்க மருந்தும் முன்னேறியது ஒரு காரணம். தன் உடம்பைப் பற்றிய எண்ணமும் பிரிவுப் பயமும் உச்சத்தில் இருக்கும் வயதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். கத்தி எப்போது எடுக்கப்பட வேண்டும் என்பதைக் குழந்தையின் மனமும் தீர்மானிக்கிறது.

ஆபரேஷன் நாள்: எங்கே கனிவு, எங்கே பாசாங்கு

சரி, இன்றைக்கு வருவோம். ஆபரேஷன் நாளில் ஒரு குழந்தை படும் துன்பத்தில் பெரும் பங்கு கத்தியால் வருவதில்லை. பசி, பயம், ஊசி, ராத்திரி வலி. ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது உண்டு.

1. பசி. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் வெறும் வயிறு. நெடுநாளாக உள்ள விதி எளிமையானது: தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்புவரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மற்றப் பாலும் சாப்பாடும் 6 மணி நேரம். தெளிந்த திரவம் என்றால் அடியில் இருப்பது தெரிய வேண்டும். பால் காபியும் கஞ்சியும் அதில் சேராது. குழந்தைகளுக்குத் தண்ணீரை 1 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்று பிரிட்டன், பிரான்ஸ், ஐரோப்பியக் குழந்தை மயக்க மருந்துச் சங்கங்கள் 2018-இல் அறிவித்தன. ஆனால் நடைமுறையில் "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒண்ணும் குடுக்காதீங்க" என்ற ஒரே வாக்கியம்தான் பெற்றோர் காதில் விழுகிறது. காலை பதினொரு மணிக்குத் தியேட்டருக்குள் போகும் பிள்ளை அதற்குள் காய்ந்துபோயிருக்கும். ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைக்காது, நாலு இடத்தில் குத்தப்படும், மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தம் இறங்கும்.

2. பயம். தியேட்டருக்குள் அம்மாவையும் விட்டால் குழந்தை அமைதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பெற்றோர் வெறுமனே கூட நிற்பது மட்டும் குழந்தையின் பதற்றத்தைக் குறைப்பதாக உறுதியாகவில்லை. நடுங்கிக்கொண்டிருக்கும் அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கும் அந்த நடுக்கம் தொற்றும். யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் குழுவினர் செய்த வேலை வேறொன்றைக் காட்டியது: மயக்க வாயு தரும் முகமூடியை முன்கூட்டியே வீட்டில் கொடுத்து விளையாட்டாகப் பழக்கி, பெற்றோருக்கும் என்ன நடக்கும், என்ன பேசலாம் என்று சொல்லித் தயார்படுத்தினால் பயம் குறைகிறது. பதற்றம் தணிக்கும் மிடசோலம் போன்ற மருந்தை அரை மணி நேரம் முன்பு வாய்வழி கொடுப்பதும் நல்ல பலன் தருகிறது. ஆக, அனுமதி பாதிதான். மீதிப் பாதி தயாரிப்பு.

3. ஊசி. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பு தடவினால் ஊசிக் குத்தல் வெகுவாகக் குறையும். சிசுக்களுக்கு நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல். செலவு அதிகமில்லை. ஒரு மணி நேரம் முன்பே யாராவது நினைவு வைத்துத் தடவ வேண்டும், அதுதான் சிரமம்.

4. ராத்திரி வலி. அழும்போது மருந்து என்பது பழைய முறை. மணிக்கணக்குப்படி முன்கூட்டியே கொடுப்பது இன்றைய முறை. முதுகின் அடிப்பகுதியில் போடும் மரப்பு ஊசி, இடுப்புக்குக் கீழே நடக்கும் ஆபரேஷன்களுக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தைத் தாங்கும். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க ஃபிளாக் என்ற அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்து. காய்ச்சல், நாடித்துடிப்பு மாதிரி இதுவும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாத வலியை யாரும் குறைக்கப் போவதில்லை.

பேச்சு: முதலில் நீக்க வேண்டியது குற்றவுணர்வு

பிறவிக் குறைபாட்டோடு ஒரு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி "எப்படி சரி பண்ணலாம்" என்பதாக இருப்பதில்லை. "நீ என்ன பண்ணினே" என்பதுதான். உதட்டுப் பிளவு என்றால் கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டார் சொல்வார்கள், கடைசியில் அவளே நம்பத் தொடங்குவாள். உலகம் முழுக்கச் சுமார் 700 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்தப் பிளவு வருகிறது, கிரகணத்தை யாரும் கண்டுகொள்ளாத நாடுகளிலும். கருவின் முகம் கூடும் முதல் சில வாரங்களில் இணைய வேண்டிய திசுக்கள் இணையாமல் போவதே இது. கர்ப்பம் என்று சரியாகத் தெரியவருவதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இதை அறுவை சிகிச்சை நிபுணர் வாயால், கணவரும் மாமியாரும் உடன் இருக்கும்போது சொல்வதற்கு மருத்துவப் பயன் உண்டு. உதட்டை மூன்று மாதம் வாக்கிலும், அண்ணத்தைப் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வார்கள். அதுவரை பிளவோடு அந்தக் குழந்தைக்குப் பால் புகட்டி எடை ஏற்ற வேண்டியவள் அந்தத் தாய். பழி சுமந்து சுருண்டு கிடப்பவளால் அது எப்படி முடியும்?

அடுத்தது சம்மதம். இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டப்படியான அனுமதி சம்மதம். அதைத் தருபவர் பெற்றோர். குழந்தை தனக்குப் புரிந்த அளவில் "சரி" என்பது இசைவு. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நலனுக்காக, பாதுகாவலர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. உயிர் போகும் அவசரத்தில் சம்மதம் வாங்க ஆள் இல்லாவிட்டாலும் சிகிச்சை தர 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. வெறும் கையெழுத்து சம்மதம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது போதுமான அளவு சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் இசைவுக்குச் சட்டத்தில் எடை இல்லை. ஆனால் "சும்மா போட்டோ எடுக்கப் போறோம்" என்று பொய் சொல்லித் தியேட்டருக்குக் கூட்டிப்போன பிள்ளை, அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே அலறும். மூன்று கட்டமாக ஆபரேஷன் தேவைப்படும் நோய்களில் அந்த அடுத்த முறை நிச்சயம் வரும்.

பெற்றோரின் பயத்துக்கு நேர்மையான பதில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா டாக்டர்?" என்ற கேள்வி கேட்காத பெற்றோர் குறைவு. "ஒண்ணும் ஆகாதும்மா" என்பது கனிவான பதில் மாதிரி தோன்றும். உண்மை நிலவரம் இது: 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்கம் குறித்து எச்சரித்தது. இன்னொரு பக்கம், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த சோதனையில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. அந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கேட்ட தாய் நிம்மதியாகப் போவாள், பொய் கேட்காமலே.

நல்லவர்கள் இருந்தும் தவறிய இடம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1990-களில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே குழந்தைகளின் இதய ஆபரேஷனில் இறப்பு அதிகமாக இருந்தது. ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் எண்களை எடுத்துக் காட்டியும் உள்ளே யாரும் அசையவில்லை. பின்னர் இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணை 2001-இல் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரை, வழக்கமான ஒரு பிரிவில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 கைக்குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

அறிக்கையின் தொடக்கத்திலேயே ஒரு விஷயம் சொல்லப்பட்டது. இது கெட்டவர்களின் கதையும் இல்லை, அக்கறையற்றவர்களின் கதையும் இல்லை என்று. அவர்கள் பாடுபட்டார்கள். ஆனால் தங்கள் முடிவுகளை மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இல்லை, ஒப்பிட்டுக் காட்டியவரைக் கேட்கும் வழக்கமும் இல்லை. இறந்த குழந்தைகளின் இதயங்கள் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைக்கப்பட்டிருந்ததும் அந்த விசாரணையில்தான் வெளிவந்தது. இப்போது பிரிட்டனில் ஒவ்வொரு குழந்தை இதய மையத்தின் 30 நாள் உயிர்பிழைப்புக் கணக்கும் பொதுவில் வெளியிடப்படுகிறது. தொடக்கத்தில் சொன்ன கைராசிக்காரர், தங்கமானவர் என்ற கேள்விக்குத் திரும்பினால், யார் கைராசிக்காரர் என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வழி செய்வதும் கனிவில் ஒரு பகுதிதான். இந்தியாவில் பெற்றோருக்கு இன்னும் வாய்மொழிதான் வழிகாட்டி.

தமிழ்நாட்டில் கதை கொஞ்சம் வேறு

நம் அரசு மருத்துவமனைகளில் தாயை வெளியே அனுப்பும் வழக்கம் வேரூன்றவே இல்லை. காரணம் கொள்கை என்று பெருமைப்பட முடியாது. ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய கட்டில்கள் ஏராளம். பாட்டிலைப் பிடிப்பதிலிருந்து துணி மாற்றுவதுவரை தாய்தான் செய்தாக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும் கட்டில் ஓரத்தில் அம்மா இருப்பாள், வராந்தாவில் அப்பாவோ பாட்டியோ. பிளாட் குழு பரிந்துரைத்து, பிரிட்டன் தாய்மார்கள் போராடிப் பெற்றது நமக்கு ஆள் பற்றாக்குறையால் கிடைத்தது. ஆனால் தாய்க்குப் படுக்க இடம், கழிப்பறை, சாப்பாடு என்ற மறுபாதி வந்து சேரவில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவு வந்துவிட்டால் அவளும் வெளியேதான்.

பணம் விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயதுவரை பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். கணக்கில் வராத செலவுகள் வேறு: தகப்பனின் நாள்கூலி, ஊரில் விட்டு வந்த மூத்த பிள்ளை, பஸ் காசு. ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு வயிற்றில் மலவழி வைத்து, பல மாதம் கழித்துப் புதிய ஆசனவாய் அமைத்து, பிறகு வயிற்று வழியை மூடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்த மலவழியைத் துடைத்துப் புண்ணாகாமல் பார்ப்பவள் வீட்டில் இருக்கும் தாய். அவளுக்கு டிஸ்சார்ஜ் நாளன்று ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தால் போதாது. வார்டில் இருக்கும்போதே அவள் கையாலேயே மூன்று நான்கு முறை செய்யவைத்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் கேட்கக்கூடியவை, கேட்கத் தயங்கக்கூடாதவை:

1. தண்ணீரும் பாலும் எத்தனை மணிவரை கொடுக்கலாம்? கடிகார நேரமாகச் சொல்லுங்கள்.

2. வலிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒரு முறை?

3. மயக்கம் கொடுக்கும்வரையும், கண் விழிக்கும்போதும் நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா?

4. வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

5. கேஸ் ஷீட் நகல் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

முதல் கேள்விதான் சாதாரணமாகத் தோன்றும், அதில்தான் அதிகம் சறுக்கும். சிறிய குழந்தைக்குப் பட்டியலில் முதல் இடம் என்பது பொதுவான வழக்கம். காலை எட்டு மணிக்கு என்று சொல்லி ஆறு மணியோடு தண்ணீரை நிறுத்தச் சொல்வார்கள். ஏழரைக்கு ஒரு விபத்து கேஸ் வந்து தியேட்டரை எடுத்துக்கொள்ளும். தவிர்க்க முடியாதது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வார்டுக்குப் போய், "இன்னும் மூணு மணி நேரம் ஆகும், பிள்ளைக்கு இப்போ தண்ணி குடுங்கம்மா" என்று அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியது சர்ஜனா, மயக்க மருந்து டாக்டரா, டியூட்டி நர்ஸா? பல மருத்துவமனைகளில் அது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.